கடன் ஒருவர் பெயரில், கணக்கு இருவர் கையில்

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், தென்காசியிலிருந்து இராஜபாளையம் செல்லும் சாலையில் இருக்கிறது சிவகிரி. சட்டம் பயின்றவர்களுக்கு இவ்வூரின் பெயர் ஒரு கடன் வழக்கினால் பரிச்சயமானது. சிவகிரி ஜமீன்தார் ஒருவர் பட்ட கடனுக்கு, அவர் காலஞ்சென்றபின் ஜமீனைப் பெற்ற குமாரர் பொறுப்பாளியா என்னும் கேள்வி, சென்னை ஹைகோர்ட்டைக் கடந்து லண்டன் பிரிவி கௌன்ஸில் வரை சென்றது. துர்நடத்தைக்காகப் பட்ட கடன் அல்லவாயின், தந்தையிடமிருந்து மகனுக்கு வந்த ஜமீன் அக்கடனுக்குக் கட்டுப்பட்டதே என்று 1882ஆம் ஆண்டில் தீர்ப்பாயிற்று.

பட்டவர் மறைந்தாலும் கடன் மறையாத காலம் அது. இன்று நிலைமை வேறு. 2005ஆம் ஆண்டில் திருத்தப்பெற்ற இந்து வாரிசுரிமைச் சட்டத்தின்படி, அதற்குப்பின் தந்தை பட்ட கடனுக்கு, புத்திர தர்மம் என்ற ஒரே காரணத்தைக் காட்டி மகனைக் கோர்ட்டுக்கு இழுக்க இயலாது. கணவன் வாங்கிய கடனுக்கு மனைவியோ, மனைவி வாங்கிய கடனுக்குக் கணவனோ, தாமும் கையெழுத்திட்டிருந்தாலொழியத் தம் சொந்தப் பொருளிலிருந்து செலுத்தக் கடமைப்பட்டவரல்லர். ஜாமீன் கையெழுத்து இட்டுவிட்டாலோ, 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டப்படி ஜாமீன்தாரின் பொறுப்பும் கடனாளியின் பொறுப்பும் ஒன்றே.

ஆயினும், சட்டம் பிரித்து வைத்த கடனை அடுப்பங்கரை பிரித்து வைப்பதில்லை. கணவனின் சம்பளத்தில் பாதி தவணைக்குப் போய்விட்டால், அரிசிக் கடைப் பாக்கியும் குழந்தைகளின் பள்ளிக்கூடச் சம்பளமும் யார் தலையில் விழுகின்றன? இதைப் பற்றித் தம்பதிகள் வாய்விட்டுப் பேசாத இல்லங்களே அதிகம் என்பது நமது அபிப்பிராயம்.

கடனாளியின் சக்திக்கேற்பக் கடனைக் குறைப்பது நம் நாட்டுக்குப் புதியதன்று. ராஜாஜி தலைமையில் அமைந்த காங்கிரஸ் மந்திரிசபை 1938ஆம் ஆண்டில் விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டத்தை நிறைவேற்றியது. 1932 அக்டோபருக்கு முற்பட்ட விவசாயக் கடன்களில் 1937 அக்டோபர் முதல் தேதியன்று நின்றிருந்த வட்டிப் பாக்கியை அச்சட்டம் தள்ளியது. முதலைப்போல் இரு மடங்கு ஏற்கெனவே செலுத்தியிருந்தால் அக்கடனே தீர்ந்ததாகக் கொண்டது. இன்று பாங்கிக் கடனில் தத்தளிப்போர் பலர் நாடுவது மக்கள் நீதிமன்றத்தை. 1987ஆம் ஆண்டின் சட்டப்படி, அங்கு இரு தரப்பாரும் இசைந்து முடிக்கும் ஏற்பாடு சிவில் கோர்ட்டு டிக்ரிக்குச் சமானம். அதன்மேல் அப்பீல் கிடையாது. ஆகவே, இவ்வளவு தவணை கட்டுகிறேன் என்று கையெழுத்திடுமுன் வீட்டில் கலந்து பேசுவது அத்தியாவசியம்.

ஓர் உதாரணம் காண்போம். கணவனின் மாத வருமானம் ரூ. 18,000, மனைவியின் வருமானம் ரூ. 12,000, குடும்பச் செலவு ரூ. 15,000 என்று வைத்துக்கொள்வோம். வருமானத்துக்குத் தக்கபடி பங்கிட்டால், கணவன் ரூ. 9,000மும் மனைவி ரூ. 6,000மும் செலவுக்குக் கொடுக்க வேண்டும். கணவன் கையில் மிஞ்சுவது ரூ. 9,000. மருந்து, விருந்து, விசேஷங்களுக்கு இரண்டாயிரம் ஒதுக்கினால், அவன் ஒப்புக்கொள்ளத்தக்க தவணை ரூ. 7,000 தான். மானத்துக்கு அஞ்சியோ அவசரத்திலோ ரூ. 12,000க்கு அவன் இசைந்துவிட்டால், ஐயாயிரம் ரூபாய் மாதந்தோறும் வேறெங்கிருந்தோ வந்தாக வேண்டும். அந்த ஒதுக்குப் பணம் முதலில் போகும். பிறகு மனைவியின் கைப்பணம், அவளைக் கேளாமலே கரையத் தொடங்கும். கடன் மனைவியின் பெயரில், மகளிர் குழு மூலம் வந்ததாயினும் கணக்கு இதுவேதான்.

குடும்பம் முந்தி, தவணை பிந்தி என்னும் இம்முறை கடன் கொடுத்தவருக்கு விரோதமானதன்று. சட்டமே இதை ஒப்புகிறது. சாதாரணப் பண டிக்ரிக்காகச் சம்பளத்தை ஜப்தி செய்யும்போது முதல் ஆயிரம் ரூபாயையும், எஞ்சியதில் மூன்றில் இரு பங்கையும் தொடலாகாது என்கிறது சிவில் நடைமுறைச் சட்டத்தின் 60ஆவது பிரிவு. ரூ. 25,000 சம்பளத்தில் ஜப்திக்கு உட்படுவது ரூ. 8,000 மட்டுமே. உடுக்கும் துணி, சமையல் பாத்திரம், படுக்கை, சமய வழக்கப்படி பெண்கள் கழற்றக்கூடாத அணி ஆகியவற்றுக்கும் அப்பிரிவு காவலாக நிற்கிறது. ஆண்டுக்கு மூன்று லட்சம் ரூபாய்க்கு மேற்படாத வருமானமுள்ள குடும்பங்களுக்குத் தரும் சிறு கடன்களைக் குறித்து ரிசர்வ் பாங்கி 2022 ஏப்ரல் முதல் அமல்படுத்திய விதிகளோ, கணவன், மனைவி, மணமாகாத மக்கள் யாவரையும் ஒரே குடும்பமாகக் கொள்கின்றன. அக்குடும்பத்தின் எல்லாக் கடன்களுக்குமான மாதத் தவணை, மாத வருமானத்தில் பாதியைத் தாண்டலாகாது.

அடுத்தது நகை. நெருக்கடியில் முதலில் அடகுக் கடைக்குப் போவது மனைவியின் வளையல்தான். ஸ்திரீதனம் தம்பதிகளின் பொதுச் சொத்தன்று. கஷ்ட காலத்தில் கணவன் அதை உபயோகித்தாலும், திருப்பித் தரும் தார்மிகக் கடமை அவனுக்கு உண்டு என்று சுப்ரீம் கோர்ட்டு 2024ஆம் ஆண்டில் மீண்டும் வலியுறுத்தியது. மனைவி மனமுவந்து கொடுத்தால் வாங்கிக்கொள்வதில் இழுக்கில்லை. ஆனால் எத்தனை பவுன், எந்தத் தேதி, எப்போது மீட்பது என்பதை நோட்டுப் புத்தகத்தில் எழுதி, இருவரும் கையெழுத்திட வேண்டும். பாங்கிக்கு எழுதிக் கொடுக்கும் கை, மனைவிக்கு எழுதிக் கொடுக்கக் கூசுவானேன்?

இதற்கு நேர்மாறான தவறும் ஒன்றுண்டு. கடன் கொடுத்தவரை ஏய்க்கும் நோக்கத்துடன் வீட்டையோ நிலத்தையோ மனைவியின் பெயருக்கு மாற்றுவது அது. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டப்படி, அத்தகைய பத்திரத்தை ரத்துச் செய்யக் கோர்ட்டை நாட, கடன் கொடுத்தவருக்கு உரிமை உண்டு. மனைவியை வீண் வழக்கில் மாட்டி வைப்பதைத் தவிர அதனால் விளையும் பயன் வேறில்லை. அவளுக்குரியதை அவளிடம் விடுவது வேறு. தன்னுடையதை அவள் முந்தானையில் மறைப்பது வேறு.

நேயர்களுக்கு நமது யோசனை இது. தவணை தீரும்வரை, மாதத்தில் ஒரு நாள் மாலையில் கணவனும் மனைவியும் பாங்கிப் புத்தகம், தவணை ரசீது, வீட்டுச் செலவு நோட்டு மூன்றையும் எதிரில் வைத்துக்கொண்டு உட்கார வேண்டும். குடும்பச் செலவுக்கு ஒரு பொதுக் கணக்கும், அவரவர் சம்பாத்தியத்துக்கு அவரவர் பெயரில் தனிக் கணக்கும் இருக்கட்டும். ஒருவர் பங்கிலிருந்து மற்றவரின் தவணைக்குப் போனது இவ்வளவு என்று எழுதி வைக்கட்டும். பழைய குற்றங்களைக் கிளறுவதற்கு அந்த மாலை நேரமன்று. அடுத்த மாதத்தைத் திட்டம் செய்வதற்கே. காலணாக் கணக்கும் தவறாமல் எழுதிய காந்தியடிகளைப் போற்றும் நாம், வீட்டுக் கணக்கை மனைவிக்கு மறைப்பது அழகன்று. கடன் தீரும் நாள் ஒன்று வரும். அந்நாளில் ஒருவரையொருவர் நிமிர்ந்து பார்க்கும்படி இருவரும் நடந்துகொண்டிருக்க வேண்டும்.