பேருந்துப் புறக்கணிப்பைத் தாங்கிய அமைப்புகள்

அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டம் என்றதும் ரோசா பார்க்ஸ் அம்மையாரும் மார்ட்டின் லூதர் கிங்கும் நினைவுக்கு வருவது இயல்பே. அலபாமா மாநிலத்தின் மாண்ட்கோமரி நகரில், 1955 டிசம்பர் 1ஆம் தேதி, பேருந்தில் வெள்ளையருக்கு இடம் கொடுக்க மறுத்த ரோசா பார்க்ஸ் கைதானார். அதனைத் தொடர்ந்து 381 நாள்கள் கறுப்பின மக்கள் நகரப் பேருந்துகளைப் புறக்கணித்தனர். ஒரு பெண்மணியின் துணிவும் 26 வயதுப் போதகரின் நாவன்மையும் மட்டுமே பல்லாயிரம் பேரை ஓராண்டுக்கும் மேலாக ஒன்றாக நிறுத்திவிடுமா?

கைதுக்கு முன்பே அங்கு அமைப்புகள் வேரூன்றியிருந்தன. ரோசா பார்க்ஸே கறுப்பினத்தவர் முன்னேற்றத்திற்கான தேசியச் சங்கத்தின் உள்ளூர்க் கிளையில் செயலாளராகப் பணியாற்றியவர். திடீரென்று முளைத்த வீராங்கனை அல்லர். 1946இல் தோன்றிய மகளிர் அரசியல் மன்றமும் அங்கு இருந்தது. அதன் தலைவி ஜோ ஆன் ராபின்சன், கறுப்பின மாணவர்களுக்கான அலபாமா மாநிலக் கல்லூரியில் ஆங்கில ஆசிரியை. பேருந்தில் அவமதிப்பு தொடர்ந்தால் புறக்கணிப்பு வரக்கூடும் என்று 1954 மே மாதமே மேயருக்குக் கடிதம் எழுதியவர். கைது நடந்த இரவு, கல்லூரி நகலெடுப்பு இயந்திரத்தில் விடிய விடியப் பல்லாயிரம் துண்டுப் பிரசுரங்களை அவர் அச்சிட்டார். மறுநாளே அவை வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தன. ஞாயிறன்று போதகர்கள் பிரசங்க மேடையிலிருந்து செய்தியை அறிவிக்க, திங்களன்று பேருந்துகள் காலியாக ஓடின.

முதல் நாள் ஆர்வம் பெரிதன்று. அதன் பிறகு தினமும் வேலைக்குப் போய்த் திரும்ப வேண்டுமே! ஏறத்தாழ 300 கார்கள் மக்களை ஏற்றிச் செல்ல முன்வந்தன. 1953இல் பேட்டன் ரூஜ் நகரத் தேவாலயங்கள் கையாண்ட வழி அது. நன்கொடைப் பணத்தில் வாங்கிய பெரிய வாகனங்கள் தேவாலயங்களின் பெயரில் பதிவாயின. மக்கள் அவற்றை 'உருளும் தேவாலயங்கள்' என்றனர். அவற்றின் காப்புறுதி இரத்தானபோது, அட்லாண்டாவின் கறுப்பினக் காப்புறுதி முகவர் ஒருவர் லண்டன் லாய்ட்ஸ் மூலம் புதிய காப்புறுதி பெற்றுத் தந்தார். சமூகத்தில் அத்தகைய தொழில் செய்பவர் ஒருவர் இல்லாதிருந்தால் வண்டிகள் அங்கேயே நின்றிருக்கும்.

1956 நவம்பர் 13ஆம் தேதி அந்தக் கார் சேவைக்கு நீதிமன்றத் தடை வந்தது. அதே நாளில், பேருந்தில் இன ஒதுக்கல் செல்லாது என்று நாட்டின் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. தேசியச் சங்கத்தின் வழக்கறிஞர்கள் துணை நின்ற வழக்கு அது. டிசம்பர் 20ஆம் தேதி புறக்கணிப்பு முடிவுற்றது.

எல்லா அமைப்புகளுக்கும் ஒரே பலம் இருக்கவில்லை. தேவாலயங்கள் உறுப்பினர்களின் காணிக்கையில் நடந்தன; யாரும் அவற்றின் வருமானத்தை நிறுத்திவிட முடியாது. கல்லூரியோ மாநில அரசின் பணத்தை நம்பியிருந்தது. ராபின்சன் பிரசுரங்களை இரவோடு இரவாக அச்சிட்டதும் அதனால்தான். 1960இல் மாணவர் போராட்டத்தை அடுத்து மாநில அரசின் நெருக்குதல் முற்றவே, அவர் அக்கல்லூரியை விட்டு வெளியேறினார்.