பிளக்கும் ரெகுலேட்டரும்

இளம்பிள்ளையில், விசைத்தறி ஓசை ஓயாத தெரு ஒன்றில் நமக்கு அறிமுகமான குடும்பம் ஒன்றுண்டு. தொலைக்காட்சியை நிறுத்தியதும் பிளக்கையும் பிடுங்கிவிடுவது அவ்வில்லத் தலைவியின் வழக்கம். தறியை நிறுத்திவிட்டு இரவுச் செய்தி கேட்க வரும் கணவர், இருட்டில் பிளக்கைத் துழாவிச் சலித்துக்கொள்வார். இதன்பொருட்டு ஒருமுறை இருவரும் இரண்டு நாள் பேசிக்கொள்ளவேயில்லை.

காரணத்தை அவர் கேட்டதில்லை; அம்மையாரும் சொன்னதில்லை. நாம் வினவியபோதுதான் வெளிவந்தது. 2006-இல் அரசு தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தில் கிடைத்த பெட்டி, ஒரு கோடை இடியில் கருகிப்போயிற்று. கைக்குழந்தையோடு தனித்திருந்த அம்மையார் சுவிட்சை அணைத்துத்தான் வைத்திருந்தாராம். கம்பிவழி பாயும் மின்னலுக்குச் சுவிட்சின் சிறு இடைவெளி தடையன்று. இடிக்கு முன்பே பிளக்கைக் கழற்றுவதே காப்பு. (கேபிள் கம்பியையும் கழற்றவேண்டும்; அதை அவர் அறியார்.) அடுத்த பெட்டி சீட்டுப் பணத்தில் வாங்கியது.

கணவருக்கும் ஒரு வழக்கமுண்டு. மின்கட்டணத்துக்கு அஞ்சி, மின்விசிறியை இரண்டாம் எண்ணுக்குமேல் வைக்க விடார். அங்கிருப்பதோ பழைய பெரிய ரெகுலேட்டர். வேகத்தைக் குறைப்பதால் மிஞ்சவேண்டிய மின்சாரத்தில் பெரும்பகுதியை அது சூடாக்கியே வீணடித்துவிடும். மின்னணு ரெகுலேட்டரில்தான் உண்மையான சிக்கனம். இத்தனை கோடைகளும் வியர்வையில் நனைந்தவர் மனைவியார்தாம்!

இப்போது மேகம் கறுக்கத் தொடங்கினால், தறியை விட்டுக் கணவரே ஓடிவந்து பிளக்கைக் கழற்றுகிறார். ரெகுலேட்டர் மட்டும் இன்னும் மாறவில்லை.