கணினி விளையாட்டுகளை விற்கும் இணையக் கடைகளின் போட்டி

கணினி விளையாட்டுகளைப் பதிவிறக்கமாக விற்கும் இணையக் கடைகளுக்கு இடையேயான போட்டி, 2000-களின் முதல் பத்தாண்டில் தொடங்கி இன்றும் தொடர்ந்து வரும் ஒரு வணிகப் போட்டி ஆகும். அமெரிக்காவின் வால்வ் நிறுவனம் நடத்தும் ஸ்டீம், எபிக் கேம்ஸ் நிறுவனத்தின் எபிக் கேம்ஸ் ஸ்டோர், போலந்து நாட்டில் தொடங்கப்பட்ட கோக், மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் ஆகியவை இன்றைய முக்கியக் கடைகள். இவற்றுக்கு முன்பும் இவற்றுடனும் பல கடைகள் தோன்றி மறைந்துள்ளன.

சாதாரணக் கடைத்தெருவில் ஒரே பொருளை இரண்டு கடைகள் விற்றால், விலை குறைந்த கடைக்குக் கூட்டம் சேரும். இந்தச் சந்தையில் அது பெரும்பாலும் நடப்பதில்லை. விற்பனைக்கான கழிவைப் பாதிக்கும் கீழே குறைத்த கடையாலும், வாரந்தோறும் விளையாட்டுகளை இலவசமாகக் கொடுத்த கடையாலும் முதலிடத்தில் உள்ள கடையை அசைக்க முடியவில்லை. அதற்கான காரணம் விலையைவிட, வாங்குபவரின் கணக்கில் ஏற்கெனவே சேர்ந்து கிடக்கும் விளையாட்டுகளில்தான் அதிகம் இருக்கிறது.

தோற்றம்

ஸ்டீம் முதலில் ஒரு கடையாகத் திட்டமிடப்பட்டதல்ல. கவுண்டர் ஸ்டிரைக் போன்ற இணையவழி விளையாட்டுகளுக்கு வால்வ் அவ்வப்போது திருத்தங்களை வெளியிட வேண்டியிருந்தது. ஒவ்வொரு முறையும் ஆட்டக்காரர்கள் தாங்களாகவே கோப்பைத் தேடிப் பதிவிறக்கி நிறுவும்வரை, பழைய பதிப்பு வைத்திருப்பவரும் புதிய பதிப்பு வைத்திருப்பவரும் சேர்ந்து ஆட முடியாது. இந்தத் தொல்லையைத் தீர்க்கத் தானாகவே புதுப்பிக்கும் ஒரு செயலி தேவைப்பட்டது. 2003 செப்டம்பரில் வெளியான ஸ்டீம் அந்தச் செயலிதான்.

2004 நவம்பரில் வெளியான ஹாஃப் லைஃப் 2 நிலைமையை மாற்றியது. கடையில் குறுந்தகடாக வாங்கியவர்களும் ஸ்டீம் கணக்கு தொடங்கி, இணையத்தில் சரிபார்த்த பிறகே அதை ஆட முடிந்தது. வெளியான நாளில் வழங்கிகள் திணற, காசு கொடுத்து வாங்கிய பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு பலர் காத்திருந்தனர். கடும் எதிர்ப்பு எழுந்தது. ஆனால் அந்த எதிர்ப்பாளர்கள் உட்பட ஏராளமானோரின் கணினியில் ஸ்டீம் அன்றே குடியேறிவிட்டது. 2005 முதல் பிற நிறுவனங்களின் விளையாட்டுகளும் அதில் விற்பனைக்கு வந்தன.

கடையை எதிர்த்த கடைகள்

அக்காலத்தில் ஸ்டீமுக்குப் போட்டியாளர்கள் இல்லாமல் இல்லை. டைரக்ட்2டிரைவ், சுவீடனின் கேமர்ஸ்கேட், ஸ்டார்டாக் நிறுவனத்தின் இம்பல்ஸ் ஆகியவை அதே விளையாட்டுகளைப் பதிவிறக்கமாக விற்றன. இவற்றை வீழ்த்தியது விலைப் போட்டி அல்ல. ஸ்டீம்வொர்க்ஸ் என்ற கருவித் தொகுப்பை வால்வ் உருவாக்குநர்களுக்கு இலவசமாக வழங்கியது. நண்பர்களைச் சேர்ப்பது, ஆட்டக்காரர்களை இணைப்பது, புதுப்பிப்பது, திருட்டு நகலைத் தடுப்பது ஆகிய வேலைகளை எல்லாம் அது பார்த்துக்கொண்டது. அதைப் பயன்படுத்திய விளையாட்டை எந்தக் கடையில் வாங்கினாலும், ஆடுவதற்கு ஸ்டீம் வேண்டும்.

2009-இல் கால் ஆஃப் டூட்டி: மாடர்ன் வார்ஃபேர் 2 இவ்வாறு வெளியானபோது மேற்கண்ட மூன்று கடைகளும் அதை விற்க மறுத்தன. தங்கள் வாடிக்கையாளரின் கணினியில் தாங்களே போட்டியாளரின் கடையை நிறுவிக் கொடுப்பதாகிவிடும் என்பது அவர்களின் நிலைப்பாடு. வாதம் நியாயமானது. ஆனால் அந்த ஆண்டின் மிகப்பெரிய வெளியீடுகளுள் ஒன்றைத் தங்கள் அலமாரியில் வைக்காமல் விட்ட கடைகளாகவும் அவை ஆயின. 2011-இல் இம்பல்ஸ் கேம்ஸ்டாப் நிறுவனத்துக்கும், டைரக்ட்2டிரைவ் கேம்ஃபிளை நிறுவனத்துக்கும் கைமாறின.

அடுத்து வந்தவை பெரிய வெளியீட்டு நிறுவனங்களின் சொந்தக் கடைகள். எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் 2011-இல் ஆரிஜின் என்ற கடையைத் திறந்தது. அதே மாதத்தில் அதன் கிரைசிஸ் 2 ஸ்டீமிலிருந்து காணாமல் போனது. அவ்வாண்டு அக்டோபரில் பேட்டில்ஃபீல்டு 3 ஸ்டீமில் வெளிவரவே இல்லை. பெதஸ்டா, ஆக்டிவிஷன், யூபிசாஃப்ட் ஆகியவையும் பின்னர் வெவ்வேறு அளவில் விலகிச் சென்றன. தரகருக்குக் கொடுக்கும் பங்கு மிச்சமாகும் என்பதே எல்லோருடைய கணக்கும்.

கணக்கு பலிக்கவில்லை. எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் 2019-இல் ஸ்டீமுக்குத் திரும்பியது. பெதஸ்டா 2022-இல் தன் செயலியை மூடிவிட்டு, வாடிக்கையாளர்களின் விளையாட்டுகளை ஸ்டீம் கணக்குகளுக்கு மாற்றிக் கொடுத்தது. கால் ஆஃப் டூட்டி வரிசையும் யூபிசாஃப்ட்டின் விளையாட்டுகளும் அதே ஆண்டில் திரும்பின.

முப்பதும் பன்னிரண்டும்

ஸ்டீம் நெடுங்காலமாக விற்பனையில் 30 சதவீதத்தைத் தன் பங்காக எடுத்துக்கொண்டது. 2018 நவம்பர் 30 அன்று இதில் ஒரு மாற்றம் அறிவிக்கப்பட்டது. ஒரு விளையாட்டின் வருவாய் 1 கோடி டாலரைத் தாண்டினால், தாண்டிய தொகைக்கு 25 சதவீதம். 5 கோடியைத் தாண்டினால் 20 சதவீதம். பெரிய நிறுவனங்கள் போய்விடாமல் இருக்கத் தரப்பட்ட சலுகை இது என்பது வெளிப்படை. அந்த அளவு விற்பனையைக் கனவிலும் காணாத சிறு உருவாக்குநர்கள் தொடர்ந்து 30 சதவீதமே செலுத்தினர். அவர்கள் கசப்படைந்ததில் வியப்பில்லை.

ஒரு வாரத்துக்குள், டிசம்பர் 6 அன்று, எபிக் கேம்ஸ் ஸ்டோர் திறக்கப்பட்டது. ஃபோர்ட்நைட் விளையாட்டால் பெரும் செல்வம் ஈட்டியிருந்த அந்த நிறுவனம் 12 சதவீதம் மட்டுமே எடுத்துக்கொள்வதாக அறிவித்தது. தன் அன்ரியல் என்ஜினைப் பயன்படுத்தி உருவாக்கிய விளையாட்டுகளுக்கு வழக்கமாக வாங்கும் 5 சதவீத உரிமத் தொகையையும், தன் கடையில் நடக்கும் விற்பனைக்குத் தள்ளுபடி செய்தது.

இதன் பொருளை ஓர் எடுத்துக்காட்டில் காணலாம். வரி நீங்கலாக 1,000 ரூபாய் விலையுள்ள விளையாட்டு விற்றால், 30 சதவீதக் கடையில் உருவாக்குநருக்கு 700 ரூபாய் கிடைக்கும். 12 சதவீதக் கடையில் 880 ரூபாய் கிடைக்கும். அவர் விலையை 800 ரூபாயாகக் குறைத்தாலும் இரண்டாவது கடையில் 704 ரூபாய் கைக்கு வரும். அதாவது வாங்குபவருக்கு 200 ரூபாய் மிச்சப்படுத்திக் கொடுத்தும் உருவாக்குநருக்கு நட்டமில்லை. 2019-இல் மெட்ரோ எக்ஸோடஸ் எபிக் கடைக்கு மாறியபோது அமெரிக்காவில் அதன் விலை 60 டாலரிலிருந்து 50 டாலராகக் குறைக்கப்பட்டது.

ஆனால் அது விதிவிலக்காகவே நின்றுவிட்டது. பெரும்பாலான விளையாட்டுகள் இரண்டு கடைகளிலும் ஒரே விலைக்கு விற்கப்படுகின்றன. மிச்சமாகும் பணத்தை வெளியீட்டாளர் தாமே வைத்துக்கொள்வது ஒரு காரணம். இன்னொரு காரணம் நீதிமன்றத்தில் இருக்கிறது. ஸ்டீம் விளையாட்டுகளைத் திறக்கும் குறியீட்டு எண்களை உருவாக்குநர்கள் பெற்று வேறு இடங்களில் விற்கலாம். அந்த விற்பனையில் வால்வ் பங்கு கேட்பதில்லை. பதிலுக்கு, ஸ்டீம் வாடிக்கையாளருக்கு அதைவிட மோசமான விலை தரக்கூடாது என்பது நிபந்தனை. இந்தக் கட்டுப்பாடு குறியீட்டு எண்களோடு நிற்கவில்லை, மற்றக் கடைகளில் தனியாக விற்கும் பதிப்புகளுக்கும் நடைமுறையில் விரிகிறது என்று குற்றஞ்சாட்டி, வுல்ஃபையர் கேம்ஸ் என்ற சிறு நிறுவனம் 2021-இல் அமெரிக்காவில் வழக்குத் தொடுத்தது. வால்வ் இதை மறுத்துள்ளது. 2024 நவம்பரில் இந்த வழக்கு, ஏனைய உருவாக்குநர்களையும் உள்ளடக்கிய குழு வழக்காக அனுமதிக்கப்பட்டது. குற்றச்சாட்டு உண்மையானால், கழிவைக் குறைக்கும் கடை அதன் பலனை விலையாகக் காட்ட வழியே இல்லாமல் போகிறது.

விலையால் இழுக்க முடியாத இடத்தில் எபிக் பணத்தைக் கொட்டி இழுக்க முயன்றது. குறிப்பிட்ட காலம்வரை தன் கடையில் மட்டும் விற்க ஒப்புக்கொண்ட விளையாட்டுகளுக்குக் குறைந்தபட்ச வருவாயை உறுதியளித்தது. ஆப்பிளுக்கு எதிராக அது தொடுத்த வழக்கில் வெளியான ஆவணங்களின்படி, 2020-ஆம் ஆண்டுக்கு மட்டும் இவ்வாறு உறுதியளித்த தொகை 44.4 கோடி டாலர். இலவச விளையாட்டுகளின் கணக்கும் அதே வழக்கில் வெளிவந்தது: முதல் ஒன்பது மாதங்களில் 38 விளையாட்டுகளுக்காகச் சுமார் 1.16 கோடி டாலர் செலவிட்டு, ஏறத்தாழ 50 லட்சம் புதிய கணக்குகளைப் பெற்றது. ஒரு வாடிக்கையாளரை இரண்டரை டாலருக்கும் குறைவாகப் பிடித்தது என்று பார்த்தால் மலிவான பேரம்தான்.

பிடித்தவர்கள் வாங்கினார்களா என்பது வேறு கேள்வி. 2023-இல் கணினியில் எபிக் கடைக்கு 27 கோடிப் பயனர்கள் இருந்ததாகவும், பிற நிறுவனங்களின் விளையாட்டுகளுக்கு அவர்கள் 31 கோடி டாலர் செலவிட்டதாகவும் அந்நிறுவனமே அறிவித்தது. தலைக்கு ஆண்டுக்கு ஒரு டாலருக்குச் சற்று அதிகம். இலவசத்தை எடுத்துக்கொண்டு, வாங்கும்போது பழைய கடைக்கே போனவர்கள் மிகப் பலர் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. கடையின் குறைகளும் காரணமாக இருந்தன: பல பொருள்களைச் சேர்த்து வாங்கும் கூடை வசதி 2021 டிசம்பரில்தான் வந்தது.

சேர்ந்துபோன விளையாட்டுகள்

பத்தாண்டுகளாக ஒரு கடையில் வாங்கி வருபவரிடம் நூற்றுக்கணக்கான விளையாட்டுகள் இருக்கலாம். சேமித்த ஆட்ட நிலைகள், நண்பர்கள், எழுதிய மதிப்புரைகள், வென்ற பதக்கங்கள் எல்லாம் அதே கணக்கில் உள்ளன. இவற்றை வேறு கடைக்கு எடுத்துச் செல்ல முடியாது; விற்கவும் முடியாது. கைபேசி எண்ணை மாற்றாமல் நிறுவனத்தை மாற்றுவது போன்ற ஏற்பாடு இங்கே கிடையாது. ஆகவே புதிய கடை ஒன்றில் வாங்கும் ஒவ்வொரு விளையாட்டும், ஒரே அலமாரியில் இருக்க வேண்டிய புத்தகத்தை வேறு வீட்டில் வைப்பது போல ஆகிவிடுகிறது.

மறுவிற்பனைக்கு வழி திறக்கும் முயற்சிகள் ஐரோப்பாவில் நடந்தன. பதிவிறக்கிய மென்பொருளின் உரிமத்தைச் சில நிபந்தனைகளுடன் மறுவிற்பனை செய்யலாம் என்று 2012-இல் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம், ஆரக்கிள் தொடர்பான வழக்கில் தீர்ப்பளித்தது. அதைப் பின்பற்றி, ஸ்டீம் விளையாட்டுகளையும் மறுவிற்பனை செய்ய அனுமதிக்க வேண்டும் என்று பாரிஸ் நீதிமன்றம் 2019-இல் கூறியது. ஆனால் 2022-இல் மேல்முறையீட்டில் அது மாற்றப்பட்டது.

வாங்குபவருக்குக் கிடைத்தவை

போட்டியால் வாங்குபவருக்கு ஒன்றுமே கிடைக்கவில்லை என்று சொல்ல முடியாது. பணத்தைத் திருப்பித் தரும் வசதி அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 2013-இல் ஆரிஜின் தன் விளையாட்டுகளுக்கு இந்த வசதியை அறிவித்தபோது ஸ்டீமில் அது இல்லை. 2014-இல் ஆஸ்திரேலியாவின் போட்டி மற்றும் நுகர்வோர் ஆணையம் வால்வ் மீது வழக்குத் தொடுத்தது. 2015 ஜூனில், வாங்கிய 14 நாட்களுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணம் திரும்பக் கிடைக்கும் என்ற விதியை ஸ்டீம் உலகெங்கும் கொண்டுவந்தது. வழக்கு அதோடு முடியவில்லை. 2016-இல் வால்வுக்கு 30 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. போட்டிக் கடை காட்டிய முன்மாதிரியும் ஓர் அரசு அமைப்பின் வழக்கும் அடுத்தடுத்து வந்தன. இரண்டில் எது அதிகம் வேலை செய்தது என்றால், வழக்கைத்தான் சொல்ல வேண்டும்.

இந்திய வாடிக்கையாளர்களுக்கு 2015 நவம்பரில் ஸ்டீம் ரூபாய் விலையை அறிமுகப்படுத்தியது. அதுவரை டாலரில் செலுத்த வேண்டியிருந்தது. நாணயம் மாறியதோடு, வாங்கும் சக்திக்கேற்ப உருவாக்குநர்கள் இந்தியாவுக்கெனத் தனி விலை வைக்கவும் இது வழிசெய்தது.

இயங்குதள உரிமையாளரின் கடை

2012-இல் விண்டோஸ் 8 உடன் மைக்ரோசாஃப்ட் தன் சொந்தக் கடையை இயங்குதளத்துக்குள்ளேயே வைத்தது. வால்வின் தலைவர் கேப் நியூவெல் இதை வெளிப்படையாகச் சாடினார். தன் கடை நிற்கும் நிலம் போட்டியாளருடையது என்பது அவருக்கு அப்போது உறைத்திருக்க வேண்டும். 2013-இல் லினக்ஸுக்கான ஸ்டீம், 2018-இல் விண்டோஸ் விளையாட்டுகளை லினக்ஸில் இயக்கும் புரோட்டான், 2022-இல் ஸ்டீம் டெக் என்ற கையடக்கக் கணினி என வால்வ் சொந்த நிலம் தேடியது. இடையில் வந்த ஸ்டீம் மெஷின் கணினிகள் விற்கவில்லை. மைக்ரோசாஃப்ட் கடையோ அஞ்சிய அளவு வளரவில்லை; 2021 ஆகஸ்டில் கணினி விளையாட்டுகளுக்கான தன் பங்கை அதுவும் 12 சதவீதமாகக் குறைத்துக்கொண்டது.

உரிமமா, உடைமையா

கோக் கடை 2008-இல் சிடி பிராஜெக்ட் நிறுவனத்தால் தொடங்கப்பட்டது. நகல் தடுப்பு எதுவும் இல்லாமல், நிறுவல் கோப்பையே வாங்குபவரிடம் கொடுத்துவிடுவது அதன் தனித்தன்மை. 2010 செப்டம்பரில் அந்தத் தளம் மூடப்படுவது போன்ற தோற்றத்துடன் சில நாட்கள் முடங்கியது. வாங்கியதைப் பதிவிறக்கி வைக்காதவர்கள் பதறினர். பிறகு அது புதிய வடிவில் திரும்புவதற்கான விளம்பர உத்தி என்று தெரியவந்தது. வேடிக்கையாகச் செய்தது வாடிக்கையாளர்களின் கோபத்தில் முடிந்தது.

அந்தப் பதற்றத்தின் அடிப்படை இன்றும் மாறவில்லை. இணையத்தில் விற்கப்படுவது உரிமம் மட்டுமே என்பதைக் கடைகள் தெளிவாகத் தெரிவிக்க வேண்டும் என்று கலிபோர்னியா மாநிலம் 2024-இல் சட்டம் இயற்றியது. அது 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வருவதற்கு முன்பே, பணம் செலுத்தும் பக்கத்தில் அவ்வாறான அறிவிப்பை ஸ்டீம் சேர்த்துவிட்டது. தன்னிடம் வாங்கிய நிறுவல் கோப்புகளை யாரும் பறித்துக்கொள்ள முடியாது என்று கோக் உடனே விளம்பரப்படுத்திக்கொண்டது. பெரிய நிறுவனங்களின் புதிய விளையாட்டுகள் பல அந்தக் கடைக்குத் தாமதமாகவே வருகின்றன, சில வருவதே இல்லை. நகல் தடுப்பு இல்லாமல் விற்க அவற்றின் வெளியீட்டாளர்கள் விரும்புவதில்லை.