நகை சொல்லும் பாடம்

சம்பாவுக்கு நாற்று விடும் நாள்களில் குடவாசல் பக்கத்து வீடுகள் பலவற்றில் அம்மாவின் தோடும் சங்கிலியும் கூட்டுறவுச் சங்கத்துக்கோ வங்கிக்கோ போய்விடும். அறுவடை முடிந்து, நெல் கொள்முதல் நிலையத்தில் போட்ட நெல்லுக்குப் பணம் வந்த பிறகுதான் அவை வீடு திரும்பும். சில ஆண்டுகளில் திரும்பாமலும் போவதுண்டு. டெல்டாவில் நகைதான் விதை, உரம், நடவுக் கூலி எல்லாம். அதனால் பண்பாட்டு அணிகலன்களைப் பற்றி வகுப்பில் பேச நமக்கு ஒரு தயக்கம் இருக்கிறது. “உங்கள் வீட்டு நகைகளைப் பற்றி எழுதி வாருங்கள்” என்று சொன்னால், நகை அடகில் இருக்கும் வீட்டுப் பிள்ளை என்ன எழுதும்?

அந்தப் பிள்ளையும் தலைநிமிர்ந்து பங்கேற்கும்படி இப்பாடத்தை நடத்த முடியும். நகையின் விலையை விட்டுவிட்டு, அதற்குள் இருக்கும் அறிவை எடுத்துக்கொண்டால் போதும்.

கல்வெட்டில் நகைப் பட்டியல்

கி.பி. 1010இல் நிறைவுற்ற தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளில் முதலாம் இராசராசனும் அவன் தமக்கை குந்தவையும் வழங்கிய நகைகள் ஒவ்வொன்றாகப் பதிவாகியுள்ளன. பொன்னை நிறுக்க ‘ஆடவல்லான்’ என்னும் எடைக்கல். நகைகளை நிறுக்க ‘தட்சிணமேரு விடங்கன்’ என்னும் எடைக்கல். முத்து என்று பொதுவாகச் சொல்லிவிடாமல் வட்டம், அனுவட்டம், ஒப்புமுத்து, குறுமுத்து, கறடு, இரட்டை, சப்பத்தி, குளிர்ந்த நீர், சிவந்த நீர் என்று வகை பிரித்திருக்கிறார்கள். நகைக்குள் இருந்த அரக்கும் கணக்கில் வருகிறது. உருண்டை முத்தையும் கரடுமுரடான முத்தையும் ஒரே பட்டியலில் மறைக்காமல் எழுதிய அந்த நேர்மையை மாணவர்களுக்குச் சுட்டிக்காட்டலாம்.

இதே காவிரி நாட்டில் தொடங்கும் சிலப்பதிகாரத்தில் வழக்கைத் தீர்த்ததும் இத்தகைய அறிவுதான். வெளித்தோற்றத்தில் ஒன்றுபோல் இருந்த இரு சிலம்புகளில், கண்ணகியின் சிலம்புக்குள் மாணிக்கப் பரலும் அரசியின் சிலம்புக்குள் முத்துப் பரலும் இருந்தன. அதை முன்பே உடைத்துப் பார்த்திருந்தால் கோவலன் பிழைத்திருப்பான்.

கையால் செய்யும் கோயில் நகை

நாகர்கோவிலை அடுத்த வடசேரியில் கோயில் நகைகள் இன்றும் கையால் செய்யப்படுகின்றன. இவற்றுக்குப் புவிசார் குறியீடும் உண்டு. வெள்ளியில் அச்சட்டம் அமைத்து, உள்ளே அரக்கு நிரப்பி, சிவப்பு, பச்சை நிறக் கெம்புக் கற்களைப் பதித்து, சுற்றிலும் மெல்லிய தங்க ரேக்கை அழுத்தி மூடுகிறார்கள். தெய்வத் திருமேனிகளுக்காகப் பிறந்த இவ்வடிவங்களைப் பரதநாட்டியக் கலைஞர்களும் அணிகிறார்கள். நெற்றிச்சுட்டி, சூரியப்பிறை, சந்திரப்பிறை, ராக்கொடி என்று தலைச்சாமான் ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர், ஓர் இடம். இவற்றில் தங்கம் குறைவு, கைவேலை அதிகம். மரபின் மதிப்பு தங்கத்தின் எடையைப் பொறுத்ததல்ல என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டாம்.

எழுத்தே நகையாக

சென்னை பாரிமுனை அருகில் ஆர்மேனியன் தெரு இருக்கிறது. துணியும் மணிக்கற்களும் விற்க வந்த ஆர்மேனிய வணிகர்களின் நினைவு அந்தப் பெயர். அங்குள்ள அவர்களது தேவாலயம் 1772இல் கட்டப்பட்டது. உலகின் முதல் ஆர்மேனிய மொழி இதழான ‘அஸ்தரார்’ 1794இல் சென்னையில்தான் அச்சானது. 1915இல் தொடங்கிய இனப்படுகொலையில் ஆர்மேனியர்கள் பல நாடுகளுக்குச் சிதறினார்கள். இன்று ஆர்மேனியக் கைவினைஞர்கள் வெள்ளியில் செய்யும் பதக்கங்களில் மாதுளம்பழமும், கி.பி. 405இல் மெஸ்ரோப் மாஷ்தோட்ஸ் வகுத்த எழுத்துகளும் இடம்பெறுகின்றன. ஊரை விட்டுப் போனவர்கள் தம் எழுத்தைக் கழுத்தில் அணிந்துகொள்கிறார்கள். “நீங்கள் ஒரு பதக்கம் செய்தால் எந்தத் தமிழ் எழுத்தைப் போடுவீர்கள், ஏன்?” என்று கேட்டுப் பாருங்கள். ழகரம் சொல்லும் பிள்ளை உண்டு, தன் அம்மா பெயரின் முதலெழுத்தைச் சொல்லும் பிள்ளையும் உண்டு.

வகுப்பறையில்

கணக்குப் பாடத்தில் பழைய நிறுத்தல் அளவைகளைக் கொண்டு வரலாம். 2 குன்றி 1 மஞ்சாடி. 20 மஞ்சாடி 1 கழஞ்சு. மஞ்சாடி விதைகள் நான்கு சேர்ந்தால் ஏறத்தாழ 1 கிராம். ஆய்வகத் தராசில் நிறுத்துப் பார்த்து ஒரு கழஞ்சு எத்தனை கிராம் என்பதை மாணவர்களே கண்டுபிடிக்கட்டும். குன்றிமணி நஞ்சுள்ளது, அதை வகுப்புக்குள் கொண்டுவர வேண்டாம்.

தமிழ்ப் பாடத்தில் மாங்காய் மாலை, காசுமாலை, சடைநாகம் போன்ற பெயர்களைத் தொகுத்து, எந்த வடிவத்தால் அந்தப் பெயர் வந்தது என்று எழுதச் சொல்லலாம். பாட்டியிடம் கேட்டு வந்தால் போதும்; நகை வீட்டில் இருக்க வேண்டியதில்லை.

கைவேலைக்கு நம் குளங்களிலேயே பொருள் இருக்கிறது. மாட்டுப் பொங்கலுக்கு மாட்டின் கழுத்தில் கட்டும் நெட்டி மாலை நீரில் வளரும் செடியின் வெண்மையான தக்கையால் ஆனது. புவிசார் குறியீடு பெற்ற தஞ்சாவூர் நெட்டி வேலைப்பாட்டுக்கும் அதுவே மூலப்பொருள். காய்ந்த நெட்டியை ஆசிரியர் நறுக்கிக் கொடுத்தால், பிள்ளைகள் சாயமேற்றி நூலில் கோத்துத் தோடும் மாலையும் செய்துவிடுவார்கள்.

இரண்டு கவனங்கள் வேண்டும். உண்மையான தங்கத்தை யாரும் பள்ளிக்குக் கொண்டுவர வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். யார் வீட்டில் எவ்வளவு இருக்கிறது என்ற பேச்சு எழுந்தால் அதை வளரவிடாமல், “அதைச் செய்தவர் யார், எப்படிச் செய்தார்?” என்று கேள்வியை மாற்ற வேண்டும். எந்தக் குளத்தில் நெட்டி விளையும், எப்போது அறுக்கலாம் என்று தெரிந்தவர்கள் பெரும்பாலும் வயல்வேலைக்குப் போகும் குடும்பத்துப் பிள்ளைகள்தான். அன்றைய பாடத்துக்கு அவர்களே ஆசிரியராக இருக்கட்டும்.