வீட்டு வீடியோ எல்லாம் கிளவுடில்தான் இருக்கா? எடிட்டிங்கைத் தொடங்கும் முன் பழவேற்காடு குடும்பங்கள் கவனிக்க வேண்டியவை

2023 ஜூலை 14, பிற்பகல் 2.35 மணி. ஸ்ரீஹரிகோட்டாவில் இருந்து சந்திரயான்-3 கிளம்பியபோது, ஏரிக்கு இந்தப் பக்கம் பழவேற்காட்டுக் கரையில் நின்றவர்கள் செல்போனைத் தூக்கிப் பிடித்துப் படமெடுத்தார்கள். ராக்கெட் ஏவும் நாளில் கடலுக்குப் போகக் கட்டுப்பாடு உண்டு. வலை கரையில் கிடக்கும், போன் கையில் இருக்கும்.

சரி, அந்த வீடியோ இப்போ எங்கே இருக்கு? "கூகுள்ல இருக்கும்" என்பீர்கள். அக்கா கல்யாணம், ஊர்த் திருவிழா, புது ஃபைபர் படகைத் தண்ணியில் இறக்கிய நாள், தாத்தா வலை பின்னுவது என எல்லாமே "கூகுள்ல இருக்கும்". இதையெல்லாம் சேர்த்து அரை மணி நேர வீட்டுப் படம் ஒன்று செய்யலாம் என உட்காரும்போதுதான் தெரியும், பாதி வீடியோ மங்கலாக இருக்கிறது, மீதி காணவே இல்லை.

ஏன் இப்படி ஆகுது?

அசல் எது, நகல் எது?

நீங்கள் எடுத்த ஒரே வீடியோ மூன்று வடிவில் இருக்கலாம். போன் கேமரா பதிவு செய்தது அசல். கிளவுடுக்குப் போனது அசலாகவும் இருக்கலாம், சுருக்கப்பட்டதாகவும் இருக்கலாம். மூன்றாவது, வாட்ஸ்அப்பில் சுற்றி வந்தது. அது பெரும்பாலும் சுருங்கியதுதான். ஆண்ட்ராய்டு போனில் கோப்பின் பெயரைப் பாருங்க. கடைசியில் 'டபிள்யூஏ' என்ற எழுத்துகளும் ஒரு நம்பரும் இருந்தால், அது வாட்ஸ்அப் வழியாக வந்தது.

கூகுள் போட்டோஸில் 'ஸ்டோரேஜ் சேவர்' முறையை வைத்திருந்தால், பெரிய வீடியோக்கள் 1080பி அளவுக்குக் குறைக்கப்படும். போனில் பார்க்க இது போதும். ஆனால் எடிட்டிங்கில், கூட்டத்துக்கு நடுவே நிற்கும் பாட்டியின் முகத்தைப் பெரிதாக்கிக் காட்ட நினைத்தால் புள்ளி புள்ளியாகச் சிதறும். 4கே அசல் இருந்தால் அந்த முகம் தெளிவாகக் கிடைக்கும்.

ஐபோன்காரர்களுக்கு வேறொரு கண்ணி. 'ஸ்டோரேஜை மிச்சப்படுத்து' என்ற அமைப்பு ஆன் ஆகியிருந்தால் போனில் இருப்பது சிறிய வடிவம் மட்டுமாக இருக்கலாம். முழு அசல் ஐகிளவுடில் இருக்கும். இலவச இடமோ அங்கே வெறும் 5 ஜிபி.

15 ஜிபி என்பது எத்தனை நிமிடம்?

கூகுள் இலவசமாகத் தருவது 15 ஜிபி. ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்தே இந்தக் கணக்கு. 2021 ஜூன் 1-க்கு முன் சுருக்கிய தரத்தில் ஏற்றியவை இதில் சேராது. அதன் பிறகு ஏற்றியது எல்லாம் சேரும். ஆண்ட்ராய்டில் வாட்ஸ்அப் பேக்கப்பும் 2024-ல் இந்தக் கணக்குக்குள் வந்துவிட்டது.

ஐபோனுக்கு ஆப்பிள் தரும் கணக்கின்படி, பழைய வடிவத்தில் 1080பி வீடியோ நிமிடத்துக்குச் சுமார் 130 எம்பி. அப்படிப் பார்த்தால் 15 ஜிபியில் இரண்டு மணி நேர வீடியோகூட நிற்காது. 4கே என்றால் நிமிடத்துக்கு 350 எம்பி. முக்கால் மணி நேரத்துக்குள் காலி. ஒரு கல்யாணத்துக்கே பத்தாது.

இடம் நிரம்பியதும் புது வீடியோ ஏறுவது நின்றுவிடும். போனில் அறிவிப்பு வரும்தான். அதை யார் படிக்கிறோம்? கணக்கு இரண்டு வருடம் அளவுக்கு மீறியே இருந்தால் உள்ளே இருப்பதை கூகுள் அழிக்கலாம். இரண்டு வருடம் பயன்படுத்தாத கணக்கையே நீக்கும் விதியும் 2023 டிசம்பரில் இருந்து நடைமுறையில் இருக்கு.

'டெலீட்' கொடுத்தால் எது போகும்?

அதிகம் பேர் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். கூகுள் போட்டோஸ் ஆப்புக்குள் போய் ஒரு வீடியோவை டெலீட் செய்தால், போனிலும் போகும், கிளவுடிலும் போகும். போனில் மட்டும் இடம் காலி செய்ய அதே ஆப்பில் 'ஃப்ரீ அப் ஸ்பேஸ்' என்று தனியாக ஒன்று இருக்கிறது. அது கிளவுடுக்குப் போய்ச் சேர்ந்தவற்றின் போன் நகலை மட்டும் நீக்கும். தவறுதலாக அழித்துவிட்டால் பதற வேண்டாம். பேக்கப் ஆனவை குப்பைத்தொட்டியில் 60 நாள் இருக்கும்.

எப்படிக் கீழே இறக்குவது?

முதலில் தேர்ந்தெடுங்கள், அப்புறம் இறக்குங்கள். ஆப்பிலேயே ஒரு ஆல்பம் தொடங்கி, படத்தில் வரப்போகும் வீடியோக்களை மட்டும் அதில் போடுங்கள். உறவினர்கள் எடுத்ததும் வேண்டும் என்றால் வாட்ஸ்அப்பில் கேட்காமல், அந்த ஆல்பத்தையே அவர்களோடு பகிர்ந்து அதில் போடச் சொல்லுங்கள். வந்ததை உடனே உங்கள் கணக்கில் சேமித்துக்கொள்ளணும். போட்டவர் நாளைக்கு அழித்துவிட்டால் ஆல்பத்திலும் இருக்காது.

மொத்தமாக எடுக்க 'கூகுள் டேக்அவுட்' இருக்கிறது. கேட்டால் எல்லாவற்றையும் ஜிப் கோப்புகளாகக் கட்டி லிங்க் அனுப்பும். ஆனால் அந்த லிங்க் சுமார் ஏழு நாள்தான் உயிரோடு இருக்கும். நாளுக்கு 2 ஜிபி டேட்டா பிளானில் இருக்கும் வீட்டில் 15 ஜிபியை இறக்க எட்டு நாள் ஆகும். கணக்கு உதைக்குது, இல்லையா? அதனால் எல்லாவற்றையும் ஒரே தடவையில் கேட்காதீர்கள். 2019, 2020 என வருடவாரியாகப் பிரித்து, ஒவ்வொரு ஜிப்பும் 1 ஜிபி இருக்கும்படி கேளுங்கள். பாதியில் டேட்டா தீர்ந்தாலும் இழப்பு குறைவு. இல்லையென்றால் லேப்டாப்பையும் ஹார்ட் டிஸ்கையும் எடுத்துக்கொண்டு, பிராட்பேண்ட் உள்ள உறவினர் வீட்டுக்கு ஒரு நாள் போய் வருவதே மேல்.

ஜிப்பைப் பிரித்தால் வீடியோவோடு சின்னச் சின்ன எழுத்துக் கோப்புகளும் வரும். குப்பை என்று தூக்கிப் போட்டுடாதீங்க. எடுத்த தேதி, இடம் போன்ற விவரங்கள் அவற்றில் இருக்கும்.

இறக்கியதை இரண்டு இடத்தில் வையுங்கள். உப்புக்காத்து இரும்பையே தின்னும் ஊரில் ஹார்ட் டிஸ்க் மட்டும் தப்புமா? ஒன்றைக் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பாக்கெட்டோடு போட்டு வையுங்கள். இன்னொன்று பொன்னேரியிலோ சென்னையிலோ இருக்கும் உறவுக்காரர் வீட்டில் இருக்கட்டும். பென் டிரைவ் கொண்டுபோய்க் கொடுக்கத்தான், காலத்துக்கும் பாதுகாக்க இல்லை.

எடிட்டிங்கில் எதைத் தொடக்கூடாது?

அசல் கோப்பை. அதில் கை வைக்காமல் நகலில் மட்டும் வெட்டுங்கள். கைன்மாஸ்டர் போன்ற போன் ஆப்பாக இருந்தாலும், கணினியில் இலவசமாகக் கிடைக்கும் டாவின்சி ரிசால்வ் ஆக இருந்தாலும், படம் முடியும்வரை கோப்புகளை இடம் மாற்றாதீர்கள். நடுவில் கேலரியைச் சுத்தம் செய்தால், வெட்டி ஒட்டிய இடமெல்லாம் வீடியோ இல்லாமல் போய்விடும். பழைய லேப்டாப் 4கே வீடியோவில் திணறினால், சிறிய தரத்தில் ஒரு நகல் எடுத்து அதில் எடிட் செய்து, கடைசியில் அசலோடு இணைக்கும் 'ப்ராக்ஸி' முறை ரிசால்விலேயே இருக்கு.

கணக்கு யார் பேரில்?

படகில் இருந்து போன் ஏரியில் விழுவது இங்கே புதுசா என்ன? விழுந்தால் கிளவுடில் இருப்பது கைகொடுக்கும், பாஸ்வேர்டு தெரிந்தால். போன் வாங்கிய கடையில் யாரோ போட்டுக் கொடுத்த ஜிமெயில், ரீசார்ஜ் செய்யாமல் போன பழைய நம்பருக்குப் போகும் ஓடிபி என்று இருந்தால், உள்ளே பத்து வருடப் படம் இருந்தும் கதவு திறக்காது. இன்றைக்கே வேறொரு போனில் அந்தக் கணக்கைத் திறந்து பாருங்க. கணக்கு குறிப்பிட்ட மாதங்கள் அசையாமல் கிடந்தால் நீங்கள் சொல்லும் ஒருவருக்குத் தகவலும் அனுமதியும் போகும்படி கூகுளில் ஏற்பாடு செய்ய முடியும். கடலுக்குப் போகிறவர் உள்ள வீட்டில் இதைச் செய்து வைப்பது நல்லது.

கரை இருந்த இடம்

திருவிழா வீடியோவில் பின்னால் தெரியும் மணல் மேடு இன்றைக்கு அங்கே இருக்கிறதா? கடல் அரிப்பும், முகத்துவாரம் தூர்ந்துபோவதும் இந்த ஊர்களின் நீண்ட நாள் கவலை. காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கத்துக்காக 2021 ஜனவரியிலும் 2023 செப்டம்பரிலும் அறிவித்த கருத்துக்கேட்புக் கூட்டங்கள் இரண்டும் ஒத்திவைக்கப்பட்டன. அப்படி ஒரு கூட்டத்தில் "முன்னாடி கரை அதுவரைக்கும் இருந்துச்சு" என்று சொல்வதைவிட, தேதியோடு ஒரு வீடியோவைக் காட்டுவதற்கு எடை அதிகம். ஏரியில் எந்த இடத்தில் யார் வலை போடுவது என்று ஊர் முறை வைத்துப் பிரிக்கும் 'பாடு' பற்றி பெரியவர் ஒருவர் பேசியதும் அப்படித்தான்.

இங்கேதான் வாட்ஸ்அப் காலை வாரும். சாதாரணமாக அனுப்பும் படங்களில் இருந்து, எடுத்த இடம் போன்ற உள்விவரங்கள் போய்விடும். 'டாக்குமென்ட்' ஆக அனுப்பினால் கோப்பு அப்படியே போகும்; 2 ஜிபி வரை அனுப்பலாம். வழக்கு என்று போனால், 2024 ஜூலை 1-ல் அமலுக்கு வந்த பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63-வது பிரிவுப்படி மின்னணு ஆதாரத்தோடு சான்றிதழ் ஒன்றும் தரவேண்டும். அதில் கோப்பின் 'ஹாஷ்' எண்ணும் கேட்கப்படும். கோப்புக்குக் கைரேகை மாதிரி அது. பாட்டு சேர்த்து, ஒரு நொடி வெட்டிச் சேமித்தாலும் அந்த எண் மாறிவிடும்.

ஆகவே கரை, முகத்துவாரம், வெள்ளம் தெரியும் வீடியோக்களை வீட்டுப் படத்துக்கான ஃபோல்டரில் கலக்காமல், எடிட் செய்யாத அசலாகவே தனி ஃபோல்டரில் வையுங்கள். எந்தக் குப்பம், எந்தத் திசையைப் பார்த்து எடுத்தது, யார் எடுத்தது என்று ஒரு நோட்டில் எழுதி, அதையும் போட்டோ எடுத்து அதே ஃபோல்டரில் போட்டுடுங்க.