பாட்டுக்குப் பின்னால் ஒரு சுவர்

என் வீட்டுக்காரர் எனக்கு வைத்திருக்கிற பெயர் ‘சினிமாக் களஞ்சியம்’. என் மாமியார் இருந்தவரை வேறே ஒரு பெயர் வைத்திருந்தார். அதைப் பத்திரிகையில் எழுத முடியாது! எந்தப் படம் எந்த வருஷம், யார் இசை, எந்தத் தொடரில் யார் யாருக்கு என்ன உறவு என்று நடுராத்திரியில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். பிளஸ் டூ பரீட்சையில் இந்த ஞாபகசக்தி எங்கே போயிற்று என்று மட்டும் கேட்காதீர்கள்.

இதையெல்லாம் ஒரு பெருமையாகவே நினைத்துக்கொண்டிருந்தேன். போன வருஷம் என் மகளைப் பெண் பார்க்க வந்த அன்று நடந்த ஒன்று என்னை யோசிக்க வைத்துவிட்டது. அதைச் சொல்லத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் அதற்கு முன்னால் எங்கள் வீட்டுக் கதையைக் கொஞ்சம் கேட்க வேண்டும்.

கேசட்டும் காதும்

நான் பிறந்தது, வளர்ந்தது, வாழ்க்கைப்பட்டது எல்லாமே வடசென்னையில் புளியந்தோப்பில்தான். அப்பாவை நாங்கள் ‘நைனா’ என்றுதான் கூப்பிடுவோம். நைனாவுக்குப் பின்னி மில்லில் நெசவு வேலை. பக்கிங்ஹாம் மில், கர்னாடிக் மில் என்று தனித்தனியாக ஆரம்பித்து, 1920-ல் ஒன்றாகச் சேர்ந்த மில் அது. அதன் காக்கித் துணிக்கு ஊரெல்லாம் பேர். 1918-ல் மெட்ராஸ் லேபர் யூனியன் என்று தொழிற்சங்கம் கட்டியவர்களும் இந்த மில் தொழிலாளர்கள்தான். காலையில் மில் சங்கு ஊதினால் போதும், எங்கள் தெருவில் கடிகாரமே தேவையில்லை.

தெருவில் ஒரே ஒரு வீட்டில்தான் அப்போது டி.வி. வெள்ளிக்கிழமை ‘ஒளியும் ஒலியும்’ வந்தால் அந்த வீட்டு ஆயா வாசலில் நின்றுகொண்டு, "கால கழுவிகினு உள்ள வாங்கடி" என்பாள். கால் கழுவாதவர்கள் ஜன்னல் வழியாகத்தான் பார்க்க வேண்டும். நான் ஒரு வாரம்கூட ஜன்னலில் நின்றதில்லை!

ஒரு தீபாவளி போனஸில் நைனா டேப் ரிக்கார்டர் வாங்கி வந்தார். 1991-ல் ‘தளபதி’ கேசட், அடுத்த வருஷம் ‘ரோஜா’ கேசட். இளையராஜாவும் ரஹ்மானும் எங்கள் ஒற்றை அறை வீட்டுக்குள் அப்படித்தான் வந்தார்கள். சத்தம் மட்டும் தெருமுனை வரைக்கும் கேட்கும். காரணம், நைனாவுக்குக் காது மந்தம். எட்டு மணி நேரம் தொடர்ந்து 85 டெசிபலுக்கு மேல் சத்தத்தில் வேலை செய்தால் காதுக்கு ஆபத்து என்கிறார்கள். தறி ஓடுகிற கொட்டகையில் சத்தம் அதற்கும் மேலே. அதில் இருபது வருஷத்துக்கு மேல் நின்றவர் அவர். பாட்டு கேட்கும்போது டேப் ரிக்கார்டரை மடியில் வைத்துக்கொண்டு, ஸ்பீக்கர் மேல் உள்ளங்கையை வைத்துக்கொள்வார். "கை வழியா கேக்குதுடி" என்பார். எனக்கு வந்த பாட்டுப் பைத்தியம் அந்த மடியிலிருந்து வந்ததுதான்.

1996-ல் மில்லை மூடினார்கள். சங்கு நின்றது. மூன்றாவது மாசம் டேப் ரிக்கார்டர் அடகுக் கடைக்குப் போயிற்று, திரும்பி வரவில்லை. நைனா ஒரு கம்பெனி வாசலில் ராத்திரிக் காவலுக்குப் போனார்.

மில்லில் ஷூட்டிங்!

மூடிக் கிடந்த மில்லுக்கு அப்புறம் ஒரு புது வேலை கிடைத்தது. உயரமான செங்கல் சுவர், துருப்பிடித்த தூண், காலியான கொட்டகை... சினிமாக்காரர்களுக்கு வேறே என்ன வேண்டும்? பாட்டு, சண்டை என்று எத்தனையோ படங்கள் அங்கே எடுத்தார்கள். வில்லன் கதாநாயகனைக் கட்டிப்போடுகிற பழைய ஃபாக்டரியைப் பார்த்தால் எங்கள் தெருப் பிள்ளைகள், "அதோ பின்னி மில்லு!" என்று கத்துவார்கள்.

மகள் கைக்குழந்தை. அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு நானும் ஒரு நாள் ஷூட்டிங் பார்க்க ஓடினேன். கலர் புகை என்ன, ராட்சச விளக்கு என்ன, இருபது பெண்கள் ஒரே மாதிரி பாவாடை கட்டி ஆடியதென்ன! அம்மா வீட்டுக்குப் போய் மூச்சு விடாமல் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். நைனா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "எந்தப் பக்கம்மா எடுக்கறாங்கோ?"

இடத்தைச் சொன்னேன்.

"அதாண்டி என் தறி நின்ன எடம்" என்றார். அதற்கு மேல் பேசவில்லை. எனக்கு வாயடைத்துப் போயிற்று.

சில மாசம் கழித்து அந்தப் பாட்டு டி.வி.யில் வந்தது. நைனா எழுந்து போய் டி.வி.க்கு ஒரு முழம் பக்கத்தில் நின்றார். ஆடுகிறவர்களை அவர் பார்க்கவில்லை. அவர்களுக்குப் பின்னால் தெரிந்த சுவரைத்தான் பார்த்தார். பாட்டு முடிந்ததும் வந்து உட்கார்ந்து, "வெள்ள அடிச்சிருக்கானுங்கோ" என்றார்.

அன்றிலிருந்து எனக்கும் ஒரு பழக்கம். எந்தப் படம் பார்த்தாலும் ஆட்களுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று கண் போகும்.

எங்கள் பாஷை எங்கே?

அப்படிப் பார்க்க ஆரம்பித்த பிறகுதான் ஒன்று உறைத்தது. 1999 கடைசியில் ‘சித்தி’ ஆரம்பித்தபோது ராதிகாவுக்காக அடுப்பைச் சீக்கிரம் அணைத்தவள் நான். ‘கோலங்கள்’ தேவயானிக்காக அழுதிருக்கிறேன். 2002-லிருந்து 2005 வரை ஓடிய ‘மெட்டி ஒலி’யில் ஐந்து பெண்களைப் பெற்ற அந்த அப்பாவைப் பார்த்து நைனாவே கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆனால் இந்தத் தொடர்களில் யாராவது ஒருத்தி எங்களை மாதிரி பேசினாளா? "இன்னா", "கீது", "வந்துகினு" என்று பேசினால் அவள் வேலைக்காரியாகத்தான் இருப்பாள், இல்லாவிட்டால் சிரிப்புக் காட்ட வந்தவளாக இருப்பாள்.

சினிமாவிலும் இதே கதைதான். 1968-ல் ‘பொம்மலாட்டம்’ படத்தில் மனோரமா ஆச்சி மெட்ராஸ் பாஷையில் பாடிய பாட்டு இன்றைக்கும் கேட்க அருமை. ஆனால் அதுவும் சிரிப்புப் பாட்டு. அப்புறம் சிரிப்பு போய் அரிவாள் வந்தது. வடசென்னை என்றால் ரவுடி, சந்து, ரத்தம். உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: அந்தப் படங்களையும் நான் விடவில்லை. 1985-ல் ரஜினிகாந்த் திறந்து வைத்த பெரம்பூர் பிருந்தா தியேட்டரில் உட்கார்ந்து கை தட்டித்தான் பார்த்தேன்.

கொஞ்சம் மாறிய காற்று

2012-ல் ‘அட்டகத்தி’ வந்தது. பா. ரஞ்சித்துக்கு முதல் படம், இசையமைத்த சந்தோஷ் நாராயணனுக்கும் முதல் படம். அதில் இரண்டு பாட்டுப் பாடிய கானா பாலா யார் தெரியுமோ? எங்கள் புளியந்தோப்புக்காரர்! எங்கள் பக்கத்தில் ஒருவர் இறந்துவிட்டால் ராத்திரி முழுக்கக் கானா பாடுவார்கள். செத்தவருடைய பேரைச் சொல்லி, குணத்தைச் சொல்லி, அழுகிறவர்களை நடுவில் ஒரு தடவை சிரிக்கவும் வைத்து, விடிகிற வரைக்கும் துணை இருக்கிற பாட்டு அது. 1990-களில் தேவா படங்களில் கானாவைப் பிரபலமாக்கினார். ஆனால் எங்கள் தெருக் குரலே படத்தில் கேட்டபோது வந்த சந்தோஷம் தனி.

2014-ல் ‘மெட்ராஸ்’. வியாசர்பாடி ஹவுசிங் போர்டு வீடுகள்தான் கதை நடக்கிற இடம். கதாநாயகன் கார்த்தி கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்ப்பவன். பிள்ளைகள் கால்பந்து ஆடுவார்கள். ஒரு சுவருக்காக இரண்டு கட்சி அடித்துக்கொள்ளும். அங்கேயும் பாருங்கள், ஒரு சுவர்! அந்தப் படத்தில் சாவு வீட்டுப் பாட்டையும் கானா பாலாவே எழுதிப் பாடினார். தியேட்டரில் என் பக்கத்தில் இருந்த அம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

2021 ஜூலையில், கொரோனா இரண்டாவது அலை அடங்கியிருந்த சமயம், ‘சார்பட்டா பரம்பரை’ அமேசான் பிரைமில் வந்தது. 1970-களில் வடசென்னையில் நடந்த குத்துச்சண்டைக் கதை. கதாநாயகன் கபிலன் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவன். சார்பட்டா, இடியப்ப நாயக்கர் பரம்பரை என்கிற பெயர்களெல்லாம் கற்பனை இல்லை, நிஜமாகவே இருந்தவை.

என் மகள் தன்னுடைய ஹெட்போனைத் தாத்தா காதில் மாட்டிவிட்டாள். இடைவேளை கூட இல்லாமல் பார்த்தார் மனுஷர். மில் மூடினதிலிருந்து அவர் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. எந்த மைதானத்தில் சண்டை நடந்தது, சைக்கிளில் மூன்று பேர் எப்படிப் போவார்கள், 1980-ல் முகமது அலி மெட்ராஸ் வந்தபோது நேரு ஸ்டேடியத்தில் எம்.ஜி.ஆரும் வந்திருந்த கதை என்று ஹெட்போனைக் கழற்றாமலே ஊருக்கே கேட்கிற மாதிரிக் கத்திப் பேசினார். மகள் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டாள். தாத்தா மில்லில் வேலை செய்தார் என்று தெரியும். தாத்தாவும் ஒரு காலத்தில் இளைஞராக இருந்தார் என்பது அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது!

"ஏம்மா சிரிச்ச?"

இனி பெண் பார்த்த கதைக்கு வருகிறேன். பையன் நல்ல பையன். தாம்பரம் பக்கம் வீடு. பையனுடைய அத்தை கேசரியைச் சாப்பிட்டுக்கொண்டே, "புளியந்தோப்புன்னதும் பயந்துகிட்டேதாங்க வந்தோம். சினிமாவுல காட்டுறாங்களே, வெட்டு குத்துன்னு!" என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே இன்னும் கொஞ்சம் காபி ஊற்றினேன்.

ராத்திரி பாத்திரம் கழுவும்போது மகள் பக்கத்தில் வந்து நின்றாள். "ஏம்மா சிரிச்ச?"

"வந்தவங்க மனசு நோகக் கூடாதுல்லம்மா."

"அந்த மாதிரி படத்தையெல்லாம் மூணு மூணு தடவை பாத்தியே, அதுக்கும் இதானா காரணம்?"

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. குழாயை மூடாமலே நின்றேன்.

நாலு நாளில் சம்மதம் என்று போன் வந்தது. கூடவே ஒரு வேண்டுகோள்: "பத்திரிகையில மட்டும் பெண் வீட்டு விலாசம் பெரம்பூர்னு போட்டுக்கலாமே, பக்கம்தானே?" எங்கள் பக்கத்தில் இது புதுசு இல்லை. வேலைக்கு மனுப் போடும்போது ஊர்ப் பெயரை மாற்றி எழுதுகிறவர்கள் உண்டு. என் வீட்டுக்காரர், "போனா போவுது, ஒரு வார்த்தைதானே" என்றார். நல்ல சம்பந்தம் கை நழுவிப் போய்விடுமோ என்று எனக்கும் உள்ளுக்குள் உதறல்தான்.

நைனாவிடம் காதோடு காதாகச் சொன்னேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். "சுவத்துக்கு வெள்ள அடிக்கிறாங்கோ" என்றார். அவ்வளவுதான்.

மறுநாள் நானே போன் செய்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாகச் சினிமா இல்லாத ஒரு விஷயத்தைத் தைரியமாகப் பேசினேன். "புளியந்தோப்புன்னுதாங்க போடணும். என் பொண்ணு பொறந்த ஊரு அதான்" என்றேன். இரண்டு நாள் பேச்சு மூச்சு இல்லை. அந்த இரண்டு நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் பையனுடைய அப்பா பேசினார்: "போட்டுக்குங்கம்மா. வர்றவங்களுக்கு வழி தெரிய வேணாமா?"

பத்திரிகையில் புளியந்தோப்பு என்றே அச்சாயிற்று. கல்யாணமும் நல்லபடியாக நடந்தது. மறுவீட்டுக்கு வந்த மாப்பிள்ளை, நைனா பக்கத்தில் உட்கார்ந்து ‘சார்பட்டா’ பற்றிக் கேட்டிருக்கிறார். பாவம், அவர் காது இன்னும் வலித்துக்கொண்டிருக்கும்!

மில் இருந்த இடத்தில் இப்போது உயர உயரமாக அடுக்குமாடி வீடுகள். பிருந்தா தியேட்டரும் 2025-ல் மூடியாகிவிட்டது. அந்தப் பழைய பாட்டு டி.வி.யில் வந்தால் மட்டும் நைனாவைக் கூப்பிடுகிறேன். தறி நின்ன இடம் இனி அந்தப் பாட்டில்தான் இருக்கிறது.

சகோதரிகளே, என் சினிமாப் பைத்தியம் தெளிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். இதை எழுதுகிற நேரத்திலும் ஒரு கண் டி.வி.யில்தான். ஆனால் ஒன்று: அடுத்த தடவை ஒரு ஊரைக் காட்டி, அங்கே இருப்பவர்கள் எல்லாம் இப்படித்தான் என்று ஒரு படம் சொன்னால், கை தட்டுவதற்கு முன்னால் ஆட்களுக்குப் பின்னால் இருக்கிற சுவரையும் ஜன்னலையும் கொஞ்சம் பாருங்கள். அந்த ஜன்னலுக்குள்ளே ஒருத்தி பாத்திரம் கழுவிக்கொண்டே பாட்டுக் கேட்டுக்கொண்டிருப்பாள்.