அடிசம் பங்களாவும் எங்கள் கதையும்

பண்டாரவளையிலிருந்து அப்புத்தளைக்கு பஸ்ஸில் போய், அங்கிருந்து சுமார் 3 கிலோமீற்றர் மலையேறினால் அடிசம் பங்களா வரும். கருங்கல் வீடு, சுற்றிலும் பூந்தோட்டமும் பழமரங்களும், அருகே தங்கமலைக் காடு. கிளிநொச்சியிலிருந்து வந்திருந்த என் சின்னம்மாவை ஒரு விடுமுறை நாளில் அங்கே கூட்டிச் சென்றேன்.

சின்னம்மா இந்த மலையில் பிறந்தவர். 1977 கலவரத்தின் பின் குடும்பத்தோடு வன்னிக்குப் போனார். 2009இல் அங்கிருந்தும் இடம்பெயர்ந்து, முகாமில் இருந்து, மீண்டும் குடியேறினார்.

"சின்ன வயசுல ரோட்டுல நின்னு பாத்த வீடு, புள்ள. இன்னைக்குத்தான் உள்ள வர்றேன்" என்றார்.

இந்த வீட்டை 1931இல் கட்டியவர் சர் தோமஸ் வில்லியர்ஸ். 1887இல் இலங்கைக்கு வந்து, தேயிலைத் தோட்டத்தில் தொழில் பழகி, பின்னர் ஜோர்ஜ் ஸ்டுவர்ட் கம்பனியின் தலைவரானவர். இங்கிலாந்தில் தாம் பிறந்த ஊரின் பெயரையே வீட்டுக்கும் வைத்தார். பிறந்த மண்ணின் ஏக்கம் துரைமாருக்கும் இருந்திருக்கிறது!

1961இல் வீடு ஆசீர்வாதப்பர் சபைத் துறவிகளின் கைக்கு வந்தது. இன்று அது ஒரு மடம். வார இறுதியிலும் போயா நாட்களிலும் யாரும் போய்த் தோட்டத்தைப் பார்க்கலாம். துறவிகள் செய்யும் ஜாமும் பழரசமும் வாங்கலாம். ஒருவருக்கென்று கட்டிய ஓய்வு மாளிகை ஊருக்கே பொதுவானது நல்ல விடயம்தான்.

ஆனால் அந்தத் தேயிலைச் செல்வத்தைக் கொழுந்து கொழுந்தாகக் கிள்ளிச் சேர்த்த பெண்களின் கதை எங்கே? வீடு எழுந்த அதே 1931இல்தான் இலங்கையில் பெண்களுக்கும் வாக்குரிமை கிடைத்தது. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தால் மலையகத் தமிழரில் பெரும்பாலானோர் நாடற்றவராயினர். அடுத்த ஆண்டு வாக்கும் போயிற்று. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் பல குடும்பங்களைக் கடல் கடந்து பிரித்தது. எஞ்சியோரின் பிரச்சினை தீர 2003ஆம் ஆண்டின் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

துரையின் கதை நிலைத்ததற்குக் காரணம், வீடு நின்றது, பெயர் எழுதப்பட்டது. எங்கள் அம்மாயி பிறந்த லயம் இடிந்துவிட்டது. சின்னம்மாவின் கிளிநொச்சி வீடும் போரில் போயிற்று. திரும்பிப் போனபோது கிணற்றை வைத்துத்தான் தன் வளவை அடையாளம் கண்டாராம்.

அன்றிரவு மகளின் அப்பியாசக் கொப்பி ஒன்றை எடுத்து, சின்னம்மா சொல்லச் சொல்ல எழுதினேன். அம்மாயியின் பெயர், தோட்டத்தின் பெயர், வன்னிக்குப் போன ஆண்டு, கிணறு வெட்டியவர்கள், வாசலில் நின்ற பலா. நாலு பக்கம் வந்தது.

"இதெல்லாம் ஒரு கதையா?" என்று சிரித்தவர், படித்துக் காட்டியதும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் ஒரு பழைய கொப்பி இருக்கும். மூத்தவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள். எழுதத் தெரியாவிட்டால் பிள்ளைகளிடம் சொல்லுங்கள்; அவர்கள் எழுதட்டும்.